செங்கமலம் வெளியே போன நான்கு தடவைகள்

காகிதத்தில் இருக்கிற மனிதர்களைக்கூட நம்பாத ஒரே ஒருவரைத்தான் என் ஆயுசில் பார்த்திருக்கிறேன். அவர் சி.ஐ.டி. டீச்சர். உயிரோடு நடமாடுகிறவர்களைச் சந்தேகப்படுவது பெரிய வித்தையில்லை. பால்காரரையும் மந்திரியையும் நானே சந்தேகப்படுவேன். டீச்சர் அப்படியில்லை. ஒரு கதையில் ராஜா வேட்டைக்குப் போனால் அவர் புலியைப் பார்க்கமாட்டார். ராஜா கிளம்பும்போது கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தது யார் என்று கேட்பார்.

நாடு சுதந்திரம் அடைந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் கோலார் தங்கவயலிலிருந்து மைசூருக்கு வந்து ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். லட்சுமிபுரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று ஒரு ஹாஸ்டல். மாடியில் ஏழாம் நம்பர் ரூம். ஒரு கட்டில் எனக்கு, ஒரு கட்டில் டீச்சருக்கு. எனக்கு இருபத்தொன்று, அவருக்கு நாற்பதுக்குப் பக்கம். ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்துக்காரர். மைசூரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில், ஒரு சின்ன நோட்டு.

அந்த நோட்டுதான் முதல் பிரச்னை. நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவேன். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், நோட்டில் ஏதோ குறிப்பார், மூடிவிடுவார். தினமும். முதல் மூன்று மாதம் அவரை மேட்ரனின் ஒற்றர் என்றே நினைத்தேன். அதனால் அவருக்குச் சோப்புக் கொடுக்கமாட்டேன், குட்மார்னிங் சொல்லமாட்டேன். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"என்னா டீச்சர், என் பேர்ல என்னா எழுதறீங்க? மேட்ரனுக்கா?"

"எனக்கு அம்மணி."

"உங்களுக்கு எதுக்கு?"

"வேணுங்குது." அவ்வளவுதான். பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவர் தலையணையை எட்டி உதைத்தேன். அவர் இல்லாதபோதுதான்.

அவரோடு சினிமாவுக்குப் போவது வெட்கக்கேடு. கதாநாயகி விடிய விடியப் பாட்டுப் பாடி முடித்து, கொட்டகையே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும். டீச்சர் உரக்கக் கேட்பார். "ராத்திரி பூரா இந்தம்மா பாடுச்சு, செரி. காலையில எந்திரிச்சு வாசத் தொளிச்சது ஆரு?" பின்வரிசைக்காரர் "உஸ்" என்பார். டீச்சர் திரும்பி, "உங்க வூட்டுல ஆரு தொளிக்கிறாங்க?" என்பார். அவர் பெண்சாதியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். மிச்சப் படம் அவர்களுக்குள் ஓடும்.

சோப்பு விளம்பரப் படத்தைப் பார்த்தால், "சிரிச்சுட்டே குளிக்கிறா. தண்ணி எடுத்தாந்தவ எங்க?" பாடப்புத்தகத்தில் மூன்று ராணிகள் வந்தால், மூன்றாவது ராணிக்கு வயது என்ன என்று கேட்டு ஹெட்மாஸ்டருக்குக் கடிதம். இப்போது இதற்கெல்லாம் பெண்ணிய விமர்சனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலேஜில் பாடமாக இருக்கிறதாம், பட்டமும் தருகிறார்களாம். அன்றைக்கு அதற்கு இருந்த பெயர் திமிர். பட்டம் எதுவும் தரவில்லை, ஹாஸ்டல் கட்டிலைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள்.

அந்தக் கட்டில் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவேண்டும். ராமாபுரத்தில் அவருக்கு ஓர் அண்ணன். மாதம் தவறாமல் கடிதம் போடுவார். உன் அண்ணிக்கு ஐந்தாவது பிரசவம், அடுப்படியில் ஆளில்லை, வாத்தியார் வேலை போதும், வந்துவிடு என்பதுதான் ஒவ்வொரு கடிதத்திலும். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் எழுதுவார்: "எனக்கு இங்கே இடம் இருக்கிறது." தனியாக இருக்கும் பெண்ணுக்கு அன்றைக்கு மைசூரில் யாரும் வீடு கொடுக்கமாட்டார்கள். ஹாஸ்டலில் இடம் போனால் வேலை போகும். வேலை போனால் அண்ணன் வீட்டு அடுப்படி. நடுவில் வேறு வழி கிடையாது.

இனி பிரசிடென்ட் கதைக்கு வருகிறேன். ஹாஸ்டல் கமிட்டியின் தலைவர். பெரிய உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆனவர். தலைமுறை தலைமுறையாக மைசூரில் இருக்கும் வைஷ்ணவக் குடும்பம், வீட்டில் தமிழ். ரிடையரான பிறகு சும்மா இருக்க முடியாத கொடுமையில் ஒரு நாவல் எழுதினார். பெயர் 'பொறுமைப் பொற்கிளி'. சொந்தச் செலவில் அச்சடித்து, ஹாஸ்டல் நூலகத்துக்கு எட்டுப் பிரதி கொடுத்தார். நூலகத்தில் மொத்தம் இருந்ததே பதினெட்டுப் புத்தகம். கூடவே ஒரு உத்தரவும் வந்தது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாராட்டுக் கூட்டம். ஹாஸ்டல் பெண்களின் சார்பில் ஒருவர் கட்டுரை வாசிக்கவேண்டும்.

நான் அந்த நாவலைப் படித்துவிட்டு மூன்று நாள் அழுதேன். பொய் சொல்லவில்லை. கதாநாயகியைப் பொற்கிளி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். புருஷன் அவளை விட்டுவிட்டு டவுனில் வேறொருத்தியோடு இருப்பான். பொற்கிளி கோபப்படவே மாட்டாள். அவன் மறந்துவைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை அந்தப் பெண்ணின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். கடைசியில் அவன் நோயாகத் திரும்பி வருவான். இவள் பணிவிடை செய்தே செத்துப்போவாள். அவன் பிழைத்துக்கொள்வான்.

"என்னா டீச்சர், உங்களுக்கு அழுகையே வரலையா?"

"நல்லா அழு அம்மணி. அழுது முடிச்சுட்டு, நம்மள அழ வெச்சது ஆருன்னு ஒருக்கா திரும்பிப் பாரு."

தமிழ் வாத்தியார் என்பதால் கட்டுரை அவர் தலையில் விழுந்தது. மற்றவர்களாக இருந்தால் இரண்டு பக்கம் புகழ்ந்துவிட்டுப் பூந்தியைத் தின்றுவிட்டு வந்திருப்பார்கள். டீச்சர் விசாரணையை ஆரம்பித்தார்.

அவருடைய விசாரணை முறையைச் சொல்வதற்கு முன் எங்கள் ஹாஸ்டல் ரெஜிஸ்தரைச் சொல்லவேண்டும். வாசல் மேஜைமேல் தடிமனாக ஒரு நோட்டு கிடக்கும். இங்கிலீஷில் கட்டம் போட்டது. பெயர், தேதி, போன நேரம், எங்கே, யாரோடு, யார் அனுமதி, திரும்பிய நேரம். தபாலாபீசுக்குப் போனாலும் எழுதவேண்டும். புனைபெயர், செல்லப்பெயர் எதுவும் கூடாது, அப்பா வைத்த முழுப்பெயர்தான். மாலை ஆறரைக்கு மேட்ரன் அதைத் தன் ரூமுக்கு எடுத்துப்போய் ஒவ்வொரு வரியையும் ஸ்கேல் வைத்துப் படிப்பார். மேட்ரன் கன்னடக்காரர். பதினோரு வருஷமாக அந்த வேலை. போன தசராவுக்கு நீ எட்டு நிமிஷம் லேட் என்று இந்த தசராவுக்குச் சொல்லுவார்.

ஸ்டோர் ரூமில் பழைய காகிதக் குவியலில், பாதி எழுதாமல் விட்ட பழைய ரெஜிஸ்தர் ஒன்று கிடந்தது. டீச்சர் யாரிடமும் கேட்காமல் அதை எடுத்துவந்தார். முந்நூறு பக்க நாவலையும் வரி வரியாகத் தடவி, பொற்கிளி வாசலைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையையும் அதில் ஏற்றினார். எங்கள் பெயரை எழுதுகிற அதே கட்டங்களில், அதே இங்கிலீஷில். பக்க நம்பர் எழுத அதில் கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை. தேதி நாவலிலேயே இல்லை, அதையும் விட்டுவிட்டார்.

"இதென்னா பைத்தியக்காரத்தனம்?" என்றேன்.

"நம்மள அளக்கற படியிலயே அவளையும் அளக்கறேன். புருசன்காரன் அறுபத்தொரு தடவ வெளியே போறான். இவ எத்தன தடவன்னு சொல்லு பாக்கலாம்."

யோசித்தேன். தெரியவில்லை. அவரே விரலை மடக்கிச் சொன்னார்: நாலு தடவை.

மூன்று நாள் அழுத எனக்கு அந்த நாலு தெரியவில்லை என்பதில் எரிச்சல் வந்தது. சரி, டைப் அடித்துத் தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கினேன். ரெஜிஸ்தரையும் கையெழுத்துப் பிரதியையும் ஆபீசுக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு வேளையில் அடித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழையில் ஓடிவந்து, வாசல் மேஜையில் என் பெயருக்கு எதிரே நேரம் எழுதி, டைப் அடித்த தாள்கள் நனையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே மாடியேறிவிட்டேன். கையிலிருந்த பழைய ரெஜிஸ்தரை அந்த மேஜையிலேயே வைத்துவிட்டேன். தப்பு என்னுடையது. இத்தனை வருஷம் கழித்தும் என்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

ஆறரைக்கு மேட்ரன் இரண்டையும் சேர்த்து எடுத்துப்போனார். ஆறே முக்காலுக்கு ஒரு அலறல் கேட்டது.

"அய்யோ தேவரே! நால்கு ஜன கண்டசரு!"

நாலு ஆம்பிளைகள் என்று அர்த்தம். ஹாஸ்டலில் ஓர் ஆம்பிளைக்கே அனுமதி கிடையாது. எல்லாரும் கீழே ஓடினோம். மேட்ரன் நாற்காலியில் சாய்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். "யாரம்மா இந்தச் செங்கமலம்? எந்த ரூம்? நான் பாக்காம எப்ப வந்தா, எப்ப ஹோதா?"

பழைய ரெஜிஸ்தரை எங்கே வைத்தேன் என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. டீச்சர் வாயைத் திறக்குமுன் மேட்ரன் பிரசிடென்ட் வீட்டுக்கு போன் போட்டுவிட்டார். பதினோரு வருஷ வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம். டீச்சர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம் அம்மணி, அவரு என்ன சொல்றாருன்னு மொதல்ல கேக்கோணும்" என்றார். அந்தக் கண்ணில் இருந்தது பயமா ஆர்வமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

சனிக்கிழமை காலை பிரசிடென்ட் காரில் வந்து இறங்கினார். சாப்பாட்டு ஹாலில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். மேஜைமேல் ரெஜிஸ்தர். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"படியுங்கோ."

மேட்ரன் ஸ்கேலை வைத்துப் படித்தார். "பேரு செங்கமலம். முதல் தடவை. அப்பா வீட்டிலிருந்து போயிருக்கா. யாரோடு, புருஷன் வீட்டுக்காரர்களோடு. அனுமதி, அப்பா. திரும்பி வரலை."

"கல்யாணம் ஆன பொண்ணா? அவளுக்கு இங்கே எப்படி இடம் கொடுத்தேள்?"

"ரெண்டாவது தடவை, கோயிலுக்கு. மாமியாரோடு. அனுமதி, மாமியார். திரும்பிட்டா." மேட்ரன் குழம்பிப்போய் நிமிர்ந்தார். "சார், முதல் தடவை போனவ திரும்பியே வரலையே. மறுபடி எப்படி வெளியே போனா?"

"ஏய்க்கிறா! மேலே படியுங்கோ."

"மூணாவது. டவுனில் ஒரு வீட்டுக்கு. வண்டிக்காரனோடு. அனுமதி, இல்லை."

"வண்டிக்காரனோடயா!"

"ஒரு மணி நேரத்தில் திரும்பிட்டா. நாலாவது..." மேட்ரன் ஸ்கேலை ஒரு வரி கீழே நகர்த்தினார். "காலை அஞ்சு மணி. நாலு ஆம்பிளைகளோடு. அனுமதி, தேவைப்படலை. திரும்பி வரலை."

பிரசிடென்ட் முகம் தக்காளியாகிவிட்டது. மேஜையில் ஒரு அடி அடித்தார்.

"என்ன கண்றாவி இது! நாலு பேரோட! விடியற்காலையிலே! குடும்ப ஸ்திரீகள் இருக்கற இடமா இது? அந்தப் பொண்ணு பேரை இப்பவே அடிச்சுடுங்கோ. அவ அப்பாவுக்குத் தந்தி கொடுங்கோ. கேக்கறேன், இப்படி ஒரு பொண்ணை வளர்த்தது யாரு?"

டீச்சர் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தார்.

"நீங்கதானுங்க."

"என்னது?"

"நீங்கதானுங்க வளர்த்தீங்க. பதினோராம் பக்கத்துல கல்யாணப் பத்திரிகை வருதுங்களே, அதுல பாருங்க. சௌபாக்கியவதி செங்கமலம். அப்புறம் முந்நூறு பக்கத்துக்கு அந்தப் பேரை ஆரும் கூப்புடுலீங்க. பொற்கிளிங்கறாங்க, மருமகளேங்கறாங்க, ஏய்ங்கறாங்க. இந்த ரெஜிஸ்தர்ல செல்லப்பேரு எழுதக் கூடாதுன்னு ரூல் போட்டுருக்கீங்க, அதனால நெசப் பேரை எழுதினனுங்க."

பிரசிடென்ட் ஹால் மூலையில் இருந்த நூலக அலமாரிக்குப் போய் ஒரு பிரதியை எடுத்தார். பதினோராம் பக்கத்தைப் பிரித்தார். நின்றபடியே பார்த்தார்.

"இந்தப் பேரை நானா வெச்சேன்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"அந்த நாலு பேரு..." என்று மேட்ரன் இழுத்தார்.

"பாடை தூக்குனவங்க" என்றார் டீச்சர். "அன்னிக்கு ஒரு நாளு மட்டும் அனுமதி வாங்கற வேல அவளுக்கு இல்லீங்க."

"அப்ப முதல் தடவை போய் திரும்பலை, மறுபடி போனா, அது?"

"அப்பன் வூட்டு வாசலை விட்டுப் போயி இன்னொரு வாசலுக்குள்ளாற போனாங்க. அங்கயும் ஒரு ரெஜிஸ்தரு."

மேட்ரன் ஸ்கேலைக் கீழே வைத்தார். எங்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. நான் மூன்று நாள் அழுதது இதற்கு இல்லை. இதற்கு அழுதிருக்கவேண்டும்.

பெரிய மனிதர்களுக்கு வெட்கம் வந்தால் அது கொஞ்ச நேரம்கூடத் தங்காது. உடனே கோபமாகிவிடும். பிரசிடென்ட் புத்தகத்தை மூடினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஹாஸ்டல் ரெஜிஸ்தரைத் திருடினது குத்தமா, இல்லையா? ஸ்டோர் ரூமிலே கை வெக்க யார் அனுமதி கொடுத்தா? மாசக் கடைசிக்குள்ளே நீங்க ரூமைக் காலி பண்ணிடுங்கோ."

டீச்சர் பென்சிலை இறுக்கிப் பிடித்திருந்தார். காகித மனிதர்களை எல்லாம் மடக்கியவருக்கு இதற்கு ஒரு கேள்வி வரவில்லை. ராமாபுரத்து அடுப்படி எனக்கே கண்ணில் தெரிந்தது. தப்பு என்னுடையது, நான்தான் மேஜையில் வைத்தேன் என்று கத்தினேன். "நீ சும்மா இரும்மா" என்றார் பிரசிடென்ட். கத்தினதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்போது மேட்ரன் எழுந்தார்.

"நானே கொட்டே" என்றார். பிறகு தமிழில், "நான்தான் கொடுத்தேன், சார். பழைய காகிதம், எடுத்துக்கோ அப்படின்னேன்."

பிரசிடென்ட் முறைத்தார். "நீங்க கொடுத்ததா? அப்போ நேத்து எதுக்கு எனக்கு போன் பண்ணினேள்? யார் இந்தச் செங்கமலம்னு கேட்டேளே?"

"மறந்துட்டேன், சார்."

போன தசராவின் எட்டு நிமிஷத்தை மறக்காத மேட்ரன்! அந்தப் பொய் ஒரு குழந்தைகூட நம்பாத பொய். ஆனால் அதை மறுத்து நிரூபிக்க அந்த ஹாலில் யாரும் தயாராக இல்லை. பிரசிடென்ட் எங்கள் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். காரில் ஏறிப் போனார்.

மறுநாள் கூட்டத்துக்கு அவர் வரமாட்டார் என்று பந்தயம் கட்டினோம். வந்தார். மாலையைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். டீச்சர் எழுந்து, 'செங்கமலம் வெளியே போன நான்கு தடவைகள்' என்று தலைப்பைப் படித்தார். நான் அடித்த கட்டுரை, அதனால் கடைசி வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்: "ஆசிரியர் இந்தப் பெண்ணின் பொறுமையைப் புகழ்கிறார். அவள் பொறுத்தாளா என்று நமக்குத் தெரியாது. ஏனென்றால் அவளை யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களில் ஆசிரியரும் ஒருவர்."

கைதட்டல் மெதுவாக ஆரம்பித்தது. முதலில் தட்டியது மேட்ரன். பிரசிடென்ட் தட்டவில்லை. முடிந்ததும் கட்டுரையைக் கேட்டு வாங்கி நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"கிழிச்சுப் போடத்தான் வாங்கிட்டுப் போறாரு" என்றேன்.

"இருக்கும்" என்றார் டீச்சர். "இல்லாட்டி படிப்பாரு. ரெண்டையும் நம்பப்படாது." பிரசிடென்ட் அதற்குப் பிறகு நாவல் எழுதவில்லை. ஏன் என்று தெரியாது.

அன்று ரூமுக்கு வந்ததும் டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தார். தன் கட்டில்தானா என்று பார்ப்பதுபோல இரண்டு கையாலும் விளிம்பைத் தடவினார். நன்றியாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், கண்ணைச் சுருக்கினார்.

"அந்த மேட்ரனம்மா எனக்காக எதுக்குப் பொய் சொல்லோணும்? என்னமோ இருக்குது அம்மணி."

"உங்களுக்கு மனுஷங்க மேல நம்பிக்கையே வராதா டீச்சர்?"

"பதினோரு வருசம் எல்லாரும் போறதையும் வாறதையும் அவங்க எழுதியிருக்காங்க. அதுல அவங்க பேரு ஒருக்காக்கூட இல்ல. அதான் போல" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்ரனைக் குக்கரஹள்ளி ஏரிக்கு நடக்கக் கூட்டிப்போனார். ரெஜிஸ்தரில் இருவர் பெயரையும் எழுதிவிட்டு.

இரண்டு வருஷம் கழித்து எனக்குப் பெங்களூருக்கு மாற்றல் ஆனது. பெட்டி கட்டும்போது டீச்சர் அந்தச் சின்ன நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் இவ்வளவு நாள் சந்தேகப்பட்ட நோட்டு. திறந்தேன். எங்கே போனேன், யாரோடு போனேன், யார் அனுமதி, எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நேரம், பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரே வார்த்தை. "வந்துவிட்டாள்." இரண்டே முக்கால் வருஷமும் அதே வார்த்தை.

"இது எதுக்கு டீச்சர்?"

"நீ வந்துட்டேன்னு தெரிஞ்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

அவர் தலையணையை உதைத்ததை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது எனக்கே வயதாகிவிட்டது. இருட்டுகிற நேரத்தில் எங்காவது போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது, யாராவது கடிகாரத்தைப் பார்க்கிறார்களா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பேன். யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு எனக்கும் சோறு சரியாக இறங்குவதில்லை.